காலையிலேயே போயிட்டாங்க

பிப்ரவரி 12, திங்கள். ரயிலில்

நாக்பூர் தாண்டிவிட்டது. கையெழுத்து கோணலாக இருப்பதற்கு ரயில்தான் பொறுப்பு, நான் இல்லை.

மூன்று பேர் போகிறோம். நான், இவர், ஆவுடை அக்கா. அக்கா இவருடைய அண்ணன் மனைவி. ஓரகத்தி என்பதுதான் முறை. ஆனால் முப்பத்தாறு வருஷமாக அக்கா என்றே கூப்பிட்டு அந்தச் சொல்லே எங்கள் வீட்டில் செத்துப்போய்விட்டது. அவளுக்கு எழுபத்தொரு வயது. கீழ் பெர்த்தில் உட்கார்ந்து, தூக்கில் கொண்டுவந்த புளியோதரையை எங்களுக்குப் பங்கு வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இவருக்கு இரண்டு வருஷம் முன்பு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து கயா, கயா என்று ஒரே பாட்டு. அப்பா அம்மாவுக்குக் கயாவில் பிண்டம் போட வேண்டும், அண்ணனுக்கும் போட வேண்டும், தனக்குப் பிறகு யார் செய்வார்கள் என்கிறார். இந்த 'அண்ணனுக்கும்' என்பதில்தான் சங்கடம்.

இவருடைய அண்ணன் சங்கரலிங்கம் முப்பத்தெட்டு வருஷம் முன்பு காசிக்குப் புறப்பட்டுப் போனவர், திரும்பவில்லை. நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. நான் அவரைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. இருக்கிறாரா இல்லையா, யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷம் ஆனதும், தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "போறேன்னு சொல்லலியே. போயிட்டு வாரேன்னுதான சொன்னாரு" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை கழுத்தில் தாலியும் நெற்றியில் குங்குமமுமாக இருக்கிறாள். கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று குசுகுசுப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

கயாவில் பத்தொன்பதாம் தேதி காரியம். அண்ணன் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அக்காதான் சொல்ல வேண்டும். சேர்த்தால் அன்றே தாலி இறங்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டேதான் வருகிறாள். இவர் நாலைந்து முறை கேட்டுவிட்டார். "கயா வரட்டும் தம்பி, சொல்லுதேன்" என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாமல் எனக்கு மண்டை காய்கிறது.

அம்பாசமுத்திரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தவள் நான். அடுத்தவர் சங்கதி கொஞ்சம் காதில் விழாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

காசியில் பல்லி சொல்லாது, கருடன் பறக்காது, மாடு முட்டாது, பூ மணக்காது, பிணம் நாறாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். போகிறதுதான் போகிறோம், ஐந்தையும் சோதித்துப் பார்த்து இதில் எழுதலாம் என்று இருக்கிறேன்.

சாயங்காலம் இவர், அண்ணன் ஒரு கடுதாசி போடவில்லை, ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று வழக்கமான புலம்பலை ஆரம்பித்தார். நான் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன்.

பிப்ரவரி 14, புதன். காசி

அனுமான் கட்டம் பக்கத்தில் தங்கல். சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு சந்து, பிறகு அறுபத்திரண்டு படி. மூன்றாவது மாடி. இவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

இந்தப் பகுதியில் தமிழ் தாராளமாகக் காதில் விழுகிறது. எங்களுக்கு அமர்ந்த வாத்தியார் பெயர் சேஷராமன். அவருடைய தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம். தமிழ் பேசும்போது நடுவே இந்தி வந்து விழுகிறது, அவருக்கு அது தெரிவதில்லை. கங்கையில் சங்கல்பம் செய்துவைக்கும்போது பெயர், ஊர், கோத்திரம் எல்லாம் கேட்டு ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். தெற்கேயிருந்து வருகிறவர்கள் ஒவ்வொருவரையும், யார் யாருக்குக் காரியம் செய்தார்கள் என்பதையும், ஊர்வாரியாக எழுதி வைப்பது தாத்தா காலத்து வழக்கம் என்றார். வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய நோட்டு இருக்கிறதாம்.

எனக்கு அந்த நிமிஷமே பெட்டியைத் திறக்க வேண்டும் போலிருந்தது. அம்பாசமுத்திரத்துக்கும் நோட்டு இருக்குமா என்று கேட்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, பழைய நோட்டெல்லாம் நமக்கு எதற்கு பிரமு என்றாள். பிரமநாயகி என்ற என் முழுப் பெயரை இப்போது வாத்தியாரின் நோட்டில் மட்டும்தான் பார்க்க முடியும்.

தண்ணீர் ஐஸ். தாமிரபரணியில் முங்கிப் பழகின உடம்புக்கே நடுக்கம். அக்கா மூன்று முழுக்குப் போட்டாள். பிறகு இன்னும் மூன்று. அந்த மூன்று யாருக்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள்.

அறையில் இரண்டு பல்லி. இரண்டும் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

பிரயாகைக்கு வேனில் போய்வந்தோம். போன மாதம் ராமேஸ்வரத்தில் எடுத்துவந்த மணலைச் சங்கமத்தில் கரைத்தோம். கங்கை வெளிர்நிறம், யமுனை பச்சை. இரண்டும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. சரஸ்வதி எங்கே என்று படகுக்காரனைக் கேட்டேன். அடியில் இருப்பதாகச் சொன்னான். நீ பார்த்தாயா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே துடுப்பை இழுத்தான்.

படகில் வைத்து வேணி தானம். மனைவியை மடியில் உட்கார வைத்துப் புருஷன் தலைவாரிப் பின்னி, பூ வைத்து, பின்னலின் நுனியை வெட்டித் தண்ணீரில் விட வேண்டும். மின்சார வாரியத்தில் முப்பது வருஷம் வயர் முறுக்கின கை இவருடையது. அந்த முறுக்கையே என் தலையிலும் முறுக்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில்தான். வெட்டின முடி மிதக்காமல் நேராக உள்ளே போனது. எப்படி என்று எட்டிப் பார்க்கப்போய்ப் படகு சாய்ந்தது. எல்லோரிடமும் திட்டு வாங்கினேன்.

வாத்தியார் அக்காவைப் பார்த்து, ஆத்துக்காரர் வரலியா மாமி என்று கேட்டுவிட்டார். தாலியைப் பார்த்தால் வேறெப்படிக் கேட்பார்? இவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பதறவில்லை. வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, என் தலைக்கு வேண்டிய சீப்பை இவர் கையில் எடுத்துக்கொடுத்தாள். திரும்பும் வழி முழுக்கத் தூங்கினாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

பல்லி சொல்லியது. காலை ஏழு மணிக்கு, தெளிவாக, மூன்று முறை. வாத்தியாரிடம் சொன்னேன். அது வெளியூர்ப் பல்லியாக இருக்கும் என்றார்.

விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி மூன்றும் தரிசனம் ஆயிற்று. அன்னபூரணி வாசலில் சாமந்தி மணத்தது. சந்தில் ஒரு காளை, வாழைப்பழ வண்டிக்காரனை முட்டித் தள்ளியது. ஆக மூன்று பொய். கருடன் இன்னும் கண்ணில் படவில்லை. மணிகர்ணிகைப் பக்கம் படகில் போனோம், நெய்யும் புகையுமாகத்தான் இருந்தது, வேறு நாற்றம் தெரியவில்லை. அதை மெய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். வந்ததிலிருந்து அக்கா விடிந்ததும் கோயிலுக்கு என்று தனியாகக் கிளம்பிப் போகிறாள், இன்றைக்குக் கொஞ்சம் பின்தங்கிப் போய்ப் பார்த்தேன். கோயிலுக்குப் போகவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, கட்டத்துப் படிகளில் உட்கார்ந்திருக்கும் காவி உடுத்த கிழவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கிறாள். கொடுக்கும்போது குனிந்து ஒவ்வொருவருடைய இடது காதையும் பார்க்கிறாள். கேதார கட்டம் வரைக்கும் இப்படியே போனாள்.

இவரிடம் கேட்டேன். அண்ணனுக்கு இடது காது மடலில் மொச்சை அளவு மரு உண்டு என்றார். முப்பத்தாறு வருஷத்தில் இதை இன்றைக்குத்தான் சொல்கிறார்.

பிப்ரவரி 17, சனி

வாத்தியார் வீட்டுக்குத் தனியாகப் போனேன். கயா காரியத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்கிற சாக்கு. அவர் சம்சாரம் ஏலக்காய் டீ கொடுத்தாள். பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஆசையாக எடுத்துப் பிரித்தார். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டு. அவருடைய அப்பா காலத்து நோட்டு, நீல மை.

இருந்தது.

பார்த்தபடியே இங்கே எழுதுகிறேன். "பிரஜோத்பத்தி வருஷம் ஆவணி. அம்பாசமுத்திரம் சங்கரலிங்கம் பிள்ளை, சிவ கோத்திரம். கயையில் பிண்டம். தகப்பனாருக்கு. பத்தினி ஆவுடையம்மாளுக்கு, திதி ஆடி அமாவாசை, காலை. பிறகு ஆத்ம பிண்டம்."

ஆத்ம பிண்டம் என்றால் என்ன என்று கேட்டேன். தனக்குத்தானே போட்டுக்கொள்வது என்றார் வாத்தியார். தனக்கென்று செய்ய ஒருவரும் மிச்சமில்லை என்று ஆனவர்கள், உயிரோடு இருக்கும்போதே கயாவில் தங்களுக்குப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போய்விடுவார்களாம். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. நோட்டில் மறுபடி வரமாட்டார்கள்.

பத்தினி உயிரோடு இருக்கிறாள், இந்தத் தெருவில்தான் இருக்கிறாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. புதன்கிழமை அக்கா பெயரை எழுதிக்கொண்டவர் அல்லவா, யாரோ தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று அவராகவே சொன்னார், இந்த ஊருக்கு அந்த நாளில் சேதி வந்து சேர்வதற்குள் என்னவெல்லாமோ ஆகிவிடும் என்றார். டீயை முழுதாகக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிரஜோத்பத்தி என்றால் தொண்ணூற்றொன்று. விரல் விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

மத்தியானம் துணி துவைத்தேன். இவருடைய சட்டை மூன்று, அக்காவின் புடவை இரண்டு. இந்த ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. தலைவலி.

பிப்ரவரி 18, ஞாயிறு

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன். இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும், எழுதாமல் விட்டால் நான் இன்னொரு முப்பது வருஷம் இதையே செய்வேன்.

பி.பி. கால் என்று அந்த நாளில் ஒன்று இருந்தது. குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேச்சு. நாங்கள் அந்த நம்பருக்கு அடித்து ஆளைக் கேட்போம். வந்தால் லைன் கொடுப்போம். வராவிட்டால் 'ஆள் இல்லை' என்று சொல்லி கேன்சல். ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்கிற வார்த்தை அது, வாய் தானாகச் சொல்லும்.

தொண்ணூற்றொன்றில் ஆடி அமாவாசை. பாதி ஊர் பாவநாசத்துக்கு முங்கப் போயிருந்தது. எக்ஸ்சேஞ்சிலும் இரண்டு பேர் லீவு. நான் ஒருத்தியாக போர்டைப் பார்த்தேன். பனாரஸிலிருந்து ஒரு பி.பி. நம்பர் நாற்பத்தேழு, ஆவுடையம்மாள்.

நாற்பத்தேழு எங்கள் தெரு முனை மருந்துக்கடை. எங்கள் தெருவில் மூன்று ஆவுடையம்மாள் உண்டு என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று பேரில் எந்த ஆவுடையம்மாளுக்குப் பனாரஸிலிருந்து போன் வரும்?

கடைப் பையன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, காலையிலேயே போயிட்டாங்களாம் என்றான். பாவநாசத்துக்குத்தான். லைனில் ஒரே இரைச்சல். ஆண் குரல், நம் ஊர்த் தமிழ்.

"ஆவுடையம்மா இருக்காளா?"

"ஆள் இல்லை."

"இல்லையா?"

"இல்லைங்க. காலையிலேயே போயிட்டாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "யாரு கூட இருந்தா?" என்று கேட்டது. எனக்கு முன்னால் எட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இதென்ன கேள்வி என்று எரிச்சல். அதெல்லாம் தெரியாது, கேன்சல் பண்ணிரட்டுமா என்றேன். "பண்ணிருங்க" என்றது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

அந்தக் குரல் அப்படியே இவருடைய குரல். பிளக்கைப் பிடுங்கின அடுத்த நிமிஷமே எனக்கு அது தெரிந்தது.

அக்கா சாயங்காலம் ஈரத் தலையோடு பாவநாசத்திலிருந்து வந்தாள். அவர் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று முங்கிவிட்டு வந்தவள். கோயில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள், சாப்பிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், யாரென்று ஏன் கேட்கவில்லை, ஏன் வெட்டினாய் என்பார்கள். மறுபடியும் கூப்பிடுவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நான் டூட்டியில் இல்லாதபோது வந்திருக்குமோ என்று ஒரு மாதம் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். வரவே இல்லை. நான் சொன்ன 'போயிட்டாங்க' என்பதைச் சாவு என்று எடுத்துக்கொண்டு, அவர் கயாவுக்குப் போய் அவளுக்கும் தனக்கும் பிண்டம் போட்டுவிட்டார் என்று நேற்றுதான் தெரிந்தது.

இன்று காலை அக்கா வாழைப்பழத்தோடு கிளம்பியபோது நானும் கூடப் போனேன். கேதார கட்டத்துப் படியில் உட்கார வைத்துச் சொன்னேன். நோட்டில் இருந்ததையும் சொன்னேன், நாற்பத்தேழையும் சொன்னேன். அழுதேன்.

அக்கா அழவில்லை. அவர் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை என்றாள். மூன்றாம் தடவை சொல்லும்போது, குரல் எப்படி இருந்தது, இருமினாரா, அம்மா என்று முழுசாகச் சொன்னாரா, ஆவுடை என்று சொல்லி நிறுத்தினாரா என்று கேட்டாள். ஆவுடையம்மா என்றுதான் சொன்னார், இருமவில்லை என்றேன்.

"யாரு கூட இருந்தான்னு கேட்டாரா?"

"ஆமாக்கா."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

தெரியாது என்று சொன்னதாகச் சொன்னேன். அக்கா பழங்களை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து படியேறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த நிமிஷம் வரை என்னோடு பேசவில்லை. இவருக்கு எதுவும் தெரியாது. மதினிக்கு என்ன, வாடிப்போயிருக்கே என்று கேட்டார். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

நாளைக்குக் கயா. அவள் என்ன சொல்வாள் என்று இத்தனை நாளும் ஆவலாக இருந்தேன். இப்போது நாளை விடியவே வேண்டாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 19, திங்கள். கயா

பல்குனி ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான், மற்றதெல்லாம் மணல். மணலைக் கையால் தோண்டினால் நீர் ஊறுகிறது. அதிலே இவர் குளித்து எழுந்தார். விஷ்ணு பாதத்தில் ஒரே நெரிசல், பாதத்தைப் பூ மூடியிருந்தது. நான் எட்டி எட்டிப் பார்த்தும் ஒரு விரல் அளவுதான் தெரிந்தது. பிறகு அட்சய வடம், பெரிய ஆலமரம். அதன் கீழே வரிசையாகக் குடும்பங்கள், வரிசையாக வாழை இலைகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் மந்திரம்.

வாத்தியார் பிண்டங்களை உருட்டி வைக்கச் சொன்னார். அறுபத்து நாலு. இங்கே உறவுக்காரர்களுக்கு மட்டுமில்லையாம். சிநேகிதர்கள், வேலை செய்தவர்கள், வீட்டில் வளர்ந்த மாடு, பிறக்காமலே போன பிள்ளை, யாருமே இல்லாத அநாதைகள் எல்லோருக்கும் உண்டாம். எனக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா வழி, பாட்டி வழி எல்லாம் முடிந்தது. இவர் கையில் அடுத்த பிண்டத்தை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். 

அக்கா, "போடுங்க தம்பி. அவரு பேரச் சொல்லியே போடுங்க" என்றாள்.

இவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. வாத்தியார் அக்காவின் கழுத்தைப் பார்த்தார். பிறகு மெதுவான குரலில், அப்படியானால் மாமி இன்றைக்கே ஆற்றங்கரையில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தார். அக்கா அவரை முடிக்க விடவில்லை.

"அவரு எனக்குப் போட்டாச்சு சாமி. இதே கயாவுல, அவரு கையால. உங்க அப்பா நோட்டுலயே எழுதியிருக்கு, போய்ப் பாத்துக்கிடுங்க. அவரு கணக்குல நான் முந்திக்கிட்டேன். சுமங்கலியாப் போய்ச் சேந்து முப்பத்திரெண்டு வருசமாச்சு. சுமங்கலியாப் போனவ எதுக்குத் தாலியக் கழட்டணும்?"

பக்கத்து இலைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் சாஸ்திரத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று யோசித்தாரோ, வாதாடி ஆகாது என்று நினைத்தாரோ. சரி, பெயரைச் சொல்லுங்கோ என்று இவரிடம் சொன்னார். இவர் அண்ணன் பெயரைச் சொல்லிப் பிண்டத்தை வைத்தார். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. அக்கா நேராக உட்கார்ந்து, பிண்டம் இலையில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தாள்.

கடைசியில் மரத்தடியில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை விட வேண்டும். விட்டதை ஆயுசுக்கும் தொடக்கூடாது. இவர் பாகற்காயை விடப் பார்த்தார். பிடிக்காததை விடுவது விடுவதாகாது, எல்லோரும் இங்கே வந்து பாகற்காயைத்தான் விடுகிறார்கள் என்று வாத்தியார் சிரித்தார். பிறகு அவரைக்காயை விட்டார். நான் சேனைக்கிழங்கையும் கொய்யாவையும் விட்டேன். அக்கா என்ன விட்டாள் என்று தெரியவில்லை. மரத்தை ஒட்டி நின்று வாய்க்குள்ளேயே சொன்னாள், நான் காதை நீட்டியும் கேட்கவில்லை.

திரும்பும்போது வேனில் இவர் என்னிடம், மதினி சொன்ன அந்த நோட்டு என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தேழு வரைக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காசி வந்து சேரும் வரை திரும்பவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய். காசி

ஊருக்குப் போகும் முன் காலபைரவரிடம் உத்தரவு வாங்க வேண்டும். வாங்கினோம். கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டோம். கங்கைத் தண்ணீருக்குச் செம்புகள் வாங்கினோம், மூடியை ஈயம் பற்ற வைத்துக் கொடுக்கிறான், சொட்டுக் கசியாது. இவர் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறார். செம்பைத் துணியில் சுற்று, மாத்திரை எங்கே, அவ்வளவுதான். எனக்கு இது வேண்டியதுதான்.

மத்தியானம் பெட்டி கட்டினேன். அக்காவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து நான் மடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக ஒரு வார்த்தை கிடையாது. நானும் பேசாமல்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் என் புத்தி எனக்குத் தெரியாதா? அடக்க முடியவில்லை. மரத்தடியில என்ன காய் விட்டீங்கக்கா என்று கேட்டுவிட்டேன்.

 நான் ஒரு புடவையை மடித்து முடித்து அடுத்ததை எடுத்தேன். அப்புறம்தான் சொன்னாள்.

"உன் மேல உள்ள கோவத்த விட்டுரலாம்னுதான் பாத்தேன் பிரமு. மரத்தக் கையால தொட்டு நின்னு பாத்தேன், வரல. அது காயும் இல்ல, பழமும் இல்ல, எந்தக் கணக்குல விட? அதான் கத்தரிக்காய விட்டேன். கோவம் இருக்கட்டும். நான் இருக்க மட்டும் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, மூன்றாவது புடவையின் மடிப்பு சரியில்லை என்று என் கையிலிருந்து பிடுங்கி, தானே உதறி மடித்தாள்.

கத்தரிக்காய் இல்லாமல் அக்காவுக்கு ஒரு நாள் சோறு இறங்காது. எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தால் சட்டியை வழித்து அதிலேயே சோறு பிசைவாள். இனிமேல் எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்குவதில்லை. ரயில் ராத்திரி எட்டரைக்கு.